அம்மைக்கு மருந்து

நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பாட்டிலை விவரிக்கத் தேவையில்லை. பழுப்புக் கண்ணாடி, தகர மூடி, வயிற்றில் ஒட்டிய தாளில் ஒரு மண்டையோடும் குறுக்காக இரண்டு எலும்பும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் அந்தப் படம் புரியும். ஆனால் நம் வீடுகளில் அதற்குப் பெயர் மருந்துதான். காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் ஊற்றித் தந்த சிவப்புத் தண்ணீரும் மருந்து, பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. எது எந்த மருந்து என்பதைச் சொல்பவரின் குரலை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் தாயை அம்மை என்றுதான் கூப்பிடுவோம். உடம்பில் முத்துப் போடும் நோய்க்கும் அதே பெயர்.

அந்த ஆண்டு அப்பா ஆற்றோரத்து விளையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்திருந்தார். அருமனையிலிருந்து ஆற்றுப்பக்கமாக இறங்கும் சரிவில் கடைசி நிலம் அது. ஓணத்துக்குத் திருவனந்தபுரம் போகும் லாரியில் காய் ஏற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனியில் நட்டால் ஆவணியில் பறிக்கலாம். பாவை என்று நாங்கள் சொல்லும் பாகலும் புடலையும் பந்தலில், நடுவே பயறு, ஓரத்தில் தடியங்காய் என்ற வெள்ளைப் பூசணி. அம்மை நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பானையை இறக்கிக்கொண்டே சொன்னாள்.

"அது தாந்த எடமாக்கும். ஆத்துக்க வாயில கொண்டு நடியளா?"

"ஆறு உனக்கிட்ட வந்து சொல்லிச்சா, இந்த வருசம் ஏறுவேன்னு?"

"ஆறு ஆருக்கிட்டயும் சொல்லாது."

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் பிறந்த தம்பி தங்கவில்லை. அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அம்மை மூன்றாம் வாரமே களை பறிக்கப் போனாள். பார்த்த பெண்கள், "அவளுக்கென்ன, கல்லுபோல இருக்கா" என்றார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

விதைகளை அவள்தான் எடுத்துத் தந்தாள். விதைப்பானை எங்கள் வீட்டின் ஒரே அறையில் உறியில் தொங்கும். சாம்பல் நிரப்பி, சாம்பலுக்குள் துணி முடிச்சுகளில் விதை. தங்கையும் நானும் அதற்கு நேர் கீழே பாய் விரித்துப் படுப்போம். எப்போதாவது எலி ஓடினால் சாம்பல் முகத்தில் உதிரும்.

ஆனி முழுக்க வானம் வெளுத்துக் கிடந்தது. அம்மையும் அப்பாவும் ஆற்றிலிருந்து குடத்தில் கோரி ஊற்றி நாற்றைப் பிழைக்க வைத்தார்கள். ஆடியில் மழை இறங்கியது. ஆறு விளைக்குள் ஏறி வந்து, பயற்றுத் தடங்களை வழித்துக்கொண்டு போயிற்று. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார். அம்மை வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள். நான் சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று முதல் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தினார்கள். "உங்கப்பாக்கிட்ட சோறு ஆயாச்சுன்னு சொல்லு." "உங்கம்மைக்கிட்ட மண்வெட்டி எங்கன்னு கேளு." கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருவரும் இருக்க, நடுவில் நின்று நான் சொல்வேன்.

தண்ணீர் வடிந்தபின் கொடிகள் எழுந்தன. நாங்களும் எழுந்தோம். புடலம்பிஞ்சு நேராக வளர அதன் நுனியில் வாழைநாரால் கல் கட்ட வேண்டும். கல் பொறுக்குவது எங்கள் வேலை. பாவைப் பிஞ்சை ஈ கொட்டாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பொதிய வேண்டும். பந்தலுக்குக் கீழே அண்ணாந்து நின்றால் தலைக்கு மேலே பாதிப் பாதிச் செய்திகள் தொங்கும்.

அந்த நாட்களில்தான் மேலத்தெரு அக்கா செத்துப்போனாள். பெஞ்சில் கிடத்தி நான்குபேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியதை நான் பார்த்தேன். அவள் வாயோரத்தில் நுரை. அவர்கள் கடந்துபோன பிறகும் பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற நாற்றம் இடைவழியில் நின்றது. ரோட்டை எட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். கிணற்றடியில் பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே பேசினார்கள்.

"குடிச்சதா, குடுத்ததா?"

"ஆரு கண்டா? போலீசு வந்தா குடிச்சதுன்னுதான் சொல்லுவினும்."

"மருந்து காப்பியில விட்டா தெரியாதாம் பிள்ளே. கருப்பட்டி கூடப் போட்டா போரும்."

அம்மையும் அங்கே நின்றாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "தொண்டை எரியுமா?" என்று கேட்டாள். அது அவளுக்கே உரிய கேள்வி. எதையும் அவள் அப்படித்தான் கேட்பாள், விலை கேட்பதைப்போல. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொடிகளுக்கு நோய் வந்தது ஆடிக் கடைசியில். முதலில் பாவையின் இளம் இலைகளில் மஞ்சள் புள்ளிகள், பிறகு இலை சுருங்கி உள்பக்கமாக மடங்கியது. தட்டினால் வெள்ளைப் பூச்சி மாவு உதிர்ந்ததுபோலப் பறந்தது. பிஞ்சுகள் கட்டிகட்டியாகக் கோணின. கல் கட்டிய புடலைகள் அழுகி விழும் சத்தம் வீட்டில் இருந்தே கேட்கும். தொப்பென்று ஒன்று. கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு இன்னொன்று. சோறு தின்னும்போது அப்பா அந்தச் சத்தத்துக்காகக் கையை நிறுத்திக் காத்திருப்பார்.

பெரியப்பா வந்து பார்த்தார். அப்பாவின் அண்ணன், சுற்றுவட்டாரத்தில் எல்லாக் காரியத்துக்கும் அபிப்பிராயம் உள்ளவர். புள்ளி விழுந்த இலையை வெளிச்சத்தில் பிடித்து, "லே, இது அம்மையாக்கும். மனுசனுக்குப் போட்டாலும் செடிக்குப் போட்டாலும் அம்மை அம்மைதான்" என்றாராம். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மை அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மண்டைக்காட்டு பகவதிக்கு நேர்ந்துகொண்டு, மஞ்சள் நீர் தெளித்து, பந்தல் கால்தோறும் வேப்பங்குலை கட்டினாள். அம்மை போட்ட வீட்டில் எதையும் அறுக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது அல்லவா? நோய் கண்ட கொடிகளைப் பிடுங்க அவள் விடவில்லை. பேச்சில்லாததால் தடுப்பதும் பேச்சில்லாமல்தான். அப்பா கொடியில் கைவைத்தால் போய்க் குறுக்கே நிற்பாள். நோய் அந்தக் கொடிகளிலிருந்து அடுத்த பந்தலுக்குப் போயிற்று. நான் வேப்பங்குலையைப் பார்த்தேன், எதற்கென்று கேட்கவில்லை. அந்த வீட்டில் எதையும் கேட்க அப்போது பயமாக இருந்தது.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தபோது உத்தரத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. மண்டையோடு என்னைப் பார்த்திருந்தது. பின்முற்றத்தில், பலாமரத்தடியில் அப்பாவும் பெரியப்பாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப்பக்கம் நான்.

"அம்மைக்கு மருந்து குடுக்கப்பிடாதுலே. குடுத்தவன் எவனும் உருப்பட்டதில்ல."

"பின்ன என்ன செய்யச் சொல்லுதிய அண்ணே? நாளுக்கு நாள் வாடிட்டு வருது. கண்ணுகொண்டு பாக்க முடியல்ல."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாண்டாம். தெரிஞ்சா விடமாட்டா. நாளைக்கு வெளுப்பு விழும்போ குடுத்துருவேன்."

"பிள்ளையள?"

"தங்கச்சிக்க வீட்டுக்கு அனுப்பிருவேன். அந்த நாத்தம் பிள்ளையளுக்கு ஆகாது."

பெரியப்பா காறித் துப்பினார். "நான் சொல்லியாச்சு. இனி உன் பாடு."

"பிழைச்சா பிழைக்கட்டு. இல்லெங்கி போட்டு. எனக்கு ரெண்டிலொண்ணு தெரியணும்."

சுவரின் மண்பூச்சில் ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. அந்த வெடிப்பை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போனதும் அடுக்களைக்குப் போனேன். அம்மை சாளை மீனைக் கழுவிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகோடு சேர்ந்து நின்று சொன்னேன்.

"அம்மே, அப்பா தாறது ஒண்ணையும் குடிக்காத."

"என்னட்டி பறையுத?"

"அம்மைக்கு மருந்து குடுக்கப் போறாராம். பெரியப்பாக்கிட்ட சொன்னாரு. எங்கள மாமி வீட்டுக்கு அனுப்பிட்டு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தலையில் ஒரு குட்டு வைப்பாள், கிறுக்கச்சி என்பாள் என்று. அவள் மீன்கையைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்தாள்.

"எப்பம்னு சொன்னாரு?"

"நாளைக்கு. வெளுப்பு விழும்போ."

"உன் பெரியப்பா வேண்டாம்னு சொல்லல்லியா?"

"சொன்னாரு."

"நல்ல மனுசன்" என்றாள் அம்மை. பிறகு கையைக் கழுவினாள். "ஆருக்கிட்டயும் சொல்லாத. போய் தங்கச்சிக்குத் தலை சீவி விடு."

அன்று மாலையே எனக்குக் காய்ச்சல் கண்டது. தங்கையை மட்டும் பெரியப்பா தேங்காய்ப்பட்டணத்துக்கு, அப்பாவின் தங்கையான மாமியின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தேன். அப்பா என் கையைப் பிரித்தார், சூடு தெரிந்ததும் விட்டுவிட்டார்.

விடியும்போது அடுக்களையில் வெளிச்சம் தெரிந்தது. அப்பா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். அவர் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை. கருப்பட்டி உருகும் வாசனை வந்தது. உத்தரத்தைப் பார்த்தேன். பாட்டில் இல்லை.

அம்மை பாயில் எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளிக் கட்டினாள். அப்பா ஒரு தம்ளரைத் தோர்த்துத் துண்டில் பிடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றார். இத்தனை நாளில் அவர் அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

"இன்னா பிள்ளே. காப்பி."

"நீங்க குடிச்சியளா?"

"நான் குடிச்சாச்சு. இது உனக்கு."

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். ஆவி அவள் முகத்தில் அடித்தது. ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் தம்ளர் அவள் உதட்டுக்குப் போயிருந்தது. அம்மை ஊதாமல், நிறுத்தாமல், கடைசி மண்டி வரை குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இனிப்பு கூடிப்போச்சு."

"எனக்கு அளவு தெரியாது" என்று சொல்லிவிட்டு அப்பா வெளியே போனார்.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை இறங்கியபோதும் மறுபடி ஏறுமா என்று பார்த்தேன். அவள் கை என் நெற்றியில் குளிர்ந்து கிடந்தது.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்கில்ல மக்கா" என்றாள். பொய் சொல்லவில்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

வெளிச்சம் ஓட்டு இடுக்கில் இறங்கியபோது அந்த நாற்றம் வந்தது. பூண்டும் மண்ணெண்ணெயும். ஆற்றுப்பக்கமிருந்து, காற்றில். அம்மை முகத்தை உயர்த்தி மோந்தாள். என் தலையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து விளைக்கு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அப்பா மூக்கைச் சுற்றித் தோர்த்துக் கட்டி, முதுகில் இரவல் பம்புடன் பந்தலுக்குள் நின்றார். இலைகளிலிருந்து வெள்ளையாக ஒழுகியது. வேப்பங்குலைகளும் நனைந்து ஒழுகின. அம்மையைக் கண்டதும் அவர் பம்புக் கையை இறக்கினார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

அம்மை கொடிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏட்டி, இந்த அம்மைக்கா?"

"என்ன பிள்ளே? என்ன சிரிப்பு?"

"உங்க மக சொன்னா, நீங்க எனக்கு மருந்து குடுக்கப் போறியளாம். அம்மைக்கு மருந்து! ஒளிச்சு நின்னு கேட்டுட்டு வந்து சொல்லுதா..." சிரிப்பில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

அப்பா தோர்த்தை மூக்கிலிருந்து இறக்கினார். அவர் சிரிக்கவில்லை.

"எப்பம் சொன்னா?"

"நேத்து சாயந்திரம்."

பம்பின் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"நீ காப்பியக் குடிச்சியே?"

அம்மையின் சிரிப்பு நின்றது. அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

நண்பகலில் மழை கொட்டி, அடித்த மருந்தையெல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. கழுவாவிட்டாலும் நேரம் கடந்துவிட்டது. பெரியப்பா தான் சொன்னது பலித்ததாக ஊரெல்லாம் சொன்னார். அப்பா எல்லாக் கொடிகளையும் பிடுங்கிக் குவித்தார். இம்முறை யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஈரத்தில் குவியல் எரியாமல் பல நாள் புகைந்தது. ஓண லாரி ரோட்டில் போகும்போது நாங்கள் வெளியே வரவில்லை. விளையில் புடலைக்குக் கட்டிய கற்கள் நார் சுற்றியபடி கிடந்தன. பிறகு அதில் மரச்சீனிக் கிழங்கு நட்டார், அதன்பின் பாட்டத்தை விட்டுவிட்டார். காய்கறி பக்கமே அவர் திரும்பவில்லை. இப்போது அங்கே ரப்பர் நிற்கிறது.

அம்மைக்கு மருந்து கொடுத்த கதை எங்கள் குடும்பத்தின் பெரிய வேடிக்கை ஆயிற்று. கல்யாண வீடுகளில் பெரியப்பா அதை என் குரலிலேயே நடித்துக் காட்டுவார். நானும் சிரித்திருக்கிறேன். அவர் கதையில் காப்பி கிடையாது. அவருக்கு அது தெரியாது. அப்பா மட்டும் கதை தொடங்கியதும் வெற்றிலை போட எழுந்து போய்விடுவார்.

அந்தக் காப்பிக்குப் பிறகு அவர்கள் மறுபடி பேசத் தொடங்கியிருந்தார்கள். அப்பா பாட்டிலைத் தேடியதும் அப்போதுதான். பாதி மிச்சம் இருந்ததாம், உத்தரத்தில் வைத்தாராம், காணவில்லை. தொழுவத்தில் தேடினார், ஓலைக்கட்டைப் பிரித்தார், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அது எங்க பிள்ளே?"

"எது?"

"மருந்து."

"எனக்கெப்படித் தெரியும்?"

இரண்டாம் முறை அவர் கேட்கவில்லை. ஆனால் அந்த நாள் முதல் அவளைத் தனியாக விடவில்லை. அவள் துணி துவைக்க ஆற்றுக்குப் போனால் பின்னால் மண்வெட்டியோடு போவார். அவள் வராத கல்யாணத்துக்கு அவரும் போகமாட்டார். அதுவரை முற்றத்தில் கட்டிலில் படுத்தவர், அறைக்குள் வந்து வாசலை அடைத்துக் குறுக்கே படுத்தார். ஊர் சிரித்தது. பொண்டாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள் என்றது. மாமி ஒரு விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏ அண்ணே, மைனி உனக்கு என்ன மருந்து வச்சுக் குடுத்தா? எனக்கும் கொஞ்சம் வாங்கித் தா, என் மாப்பிளைக்குக் குடுக்க."

பந்தியே சிரித்தது. அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாளில் நான் பத்திரிகையில் செய்தி திருத்தும் வேலையில் இருந்தேன். 'பூச்சி மருந்து குடித்து' என்று தொடங்கும் சிறிய செய்திகள் அடிக்கடி மேசைக்கு வரும். காரணம் வயிற்றுவலி என்று இருக்கும். எழுத்துப்பிழை பார்த்து அனுப்பிவிடுவேன். 'குடிச்சதா, குடுத்ததா' என்று மட்டும் எப்போதும் காதில் கேட்கும். குடித்ததற்கும் கொடுத்ததற்கும் நடுவே ஒரு தம்ளர் காப்பி இருப்பதை யாரும் எழுதி அனுப்பியதில்லை.

அப்பா போன பதினாறாம் நாள் சடங்கு முடிந்து, எல்லோரும் கிளம்பியபிறகு, அம்மையும் நானும் அடுக்களையில் உட்கார்ந்து பாவைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கடையில் வாங்கிய காய். அவள் விதையை வழித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஏட்டி, அந்தப் பாட்டில நான்தான் எடுத்தேன்."

எந்தப் பாட்டில் என்று நான் கேட்கவில்லை.

"எங்க வச்சிருந்த?"

"விதைப்பானையில. சாம்பலுக்க அடியில."

"எதுக்கு?"

அவள் அடுத்த காயை எடுத்தாள். "கெடக்கட்டும்னுதான்."

"அந்தக் காப்பிய..." என்று தொடங்கினேன். முடிக்க முடியவில்லை.

"உங்கப்பா மொகத்தப் பாத்துத் தந்தாரு" என்றாள். "வாங்காம எப்படி?"

கத்தி பலகையில் விழும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. நான்தான் மறுபடி கேட்டேன்.

"பாட்டில எப்பம் எறிஞ்ச?"

"உன் தம்பி வயித்தில வந்த பொறவு."

இப்போதிருக்கும் தம்பி பிறந்தபோது நான் ஹைஸ்கூல் முடிக்கும் வயதில் இருந்தேன். அதுவரை ஒவ்வோர் இரவும் அப்பா வாசலை அடைத்துக் குறுக்கே படுத்திருந்தார், அம்மை வெளியே போய்விடாதபடி. அறைக்குள்ளே, தங்கையும் நானும் படுத்த பாய்க்கு நேர் மேலே, விதைப்பானை உறியில் தொங்கிக்கொண்டிருந்தது.